முதலில் விளக்கு, பிறகே தோட்டா!

நள்ளிரவு. வீடு முழுவதும் இருட்டு. பின்கட்டில் ஏதோ விழுகிற சத்தம் கேட்கிறது. திடுக்கிட்டு எழுந்த குடும்பத் தலைவர், அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக் கொள்கிறார். மெல்ல நடந்து கூடத்துக்கு வருகிறார். மூலையில் ஓர் உருவம் அசைகிறது.

அது யார்? திருடனா? அல்லது, தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த சொந்த மகனா?

அமெரிக்க நாட்டில் இந்தக் கேள்வி வெறும் கற்பனை அல்ல. அங்கே வீட்டுக் காவலுக்கென்றே துப்பாக்கி வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவற்றுள் பல குடும்பங்கள் நம்பியிருப்பது ரவைத் துப்பாக்கியை. ஒரே தோட்டாவுக்குள் பல ரவைகளை அடைத்து, ஒரே வேட்டில் அத்தனையையும் வெளியே தள்ளும் துப்பாக்கி அது. ரெமிங்டன் கம்பெனி 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘870’ என்னும் மாதிரி மட்டுமே ஒரு கோடிக்கு மேல் உற்பத்தியாகியிருக்கிறது என்றால், அந்த நாட்டு மக்களுக்கு இதன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

துப்பாக்கி வாங்கியவர் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. எந்தத் தோட்டாவைப் போடுவது? எந்தக் குறியை மாட்டுவது? இந்த இரண்டையும் பற்றி அங்கே கடைக்காரர் முதல் பயிற்சி ஆசிரியர் வரை அபிப்பிராயம் சொல்லாதவர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. வரிசை தப்பினால் வீட்டைக் காக்க வந்த துப்பாக்கியே வீட்டுக்கு எமனாகி விடும்.

பன்னிரண்டு என்பது என்ன?

முதலில் துப்பாக்கியின் கணக்கைப் பார்ப்போம். ‘12 போர்’ என்கிறார்களே, அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகச் செய்தால், ஒவ்வோர் உருண்டையும் எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ, அது 12 போர். இருபது உருண்டைகளாகச் செய்தால் 20 போர். ஆகவே எண் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 போர் குழலுக்குச் சுமார் 15.6 மில்லிமீட்டர்.

தோட்டாவில் மூன்று வகை. முதலாவது, பறவை வேட்டைக்கான பொடி ரவை. எட்டாம் எண் ரவை என்பது கடுகு போன்றது. ஓர் அவுன்ஸில் ஏறக்குறைய 410 ரவைகள் இருக்கும். இரண்டாவது, மான் வேட்டைக்கு ஏற்பட்ட பெரிய ரவை. ‘பக்‌ஷாட்’ என்பது இதுதான். இதில் இரட்டைச் சைபர் எண் கொண்ட ரவை, ஏறக்குறைய 8.4 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. சாதாரணத் தோட்டா ஒன்றில் எட்டு அல்லது ஒன்பது ரவைகள் இருக்கும். மூன்றாவது, ‘ஸ்லக்’ எனப்படும் ஒற்றைக் குண்டு. ஒரே ஈயக் கட்டி. எடை சுமார் ஓர் அவுன்ஸ்.

இந்தப் பெரிய ரவைக்குப் பழைய கீர்த்தி உண்டு. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் வின்செஸ்டர் ரவைத் துப்பாக்கிகளைப் பதுங்கு குழிச் சண்டைக்குக் கொண்டு போனார்கள். 1918 செப்டம்பரில் ஜெர்மன் அரசாங்கம், இது யுத்த தர்மத்துக்கு விரோதமான ஆயுதம் என்று முறையாகவே ஆட்சேபம் தெரிவித்தது. அமெரிக்கா அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை. எதிரி அரசாங்கமே முறையிட்டது என்றால், வேறு சிபாரிசு எதற்கு? அன்று முதல் இந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கதைகள் பெருகிவிட்டன.

கதைகளும் உண்மையும்

முதல் கதை: “குறியே பார்க்க வேண்டாம்; இருக்கும் திசையில் நீட்டிச் சுட்டால் போதும், ரவைகள் விசிறி போல் விரிந்து ஆளை வீழ்த்திவிடும்” என்பது.

இது சுத்த அபத்தம். குழலை விட்டு வெளியேறும் ரவைகள் ஒரு கஜத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் விரியும் என்பது பழைய கைக்கணக்கு. வீட்டுக்குள் துப்பாக்கி நீளும் தூரம் ஐந்து கஜமோ ஏழு கஜமோதான். அந்தத் தூரத்தில் ரவைகள் பரவும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுகூட இராது. இப்போது வரும் சில தோட்டாக்களில் ரவைகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் கிண்ணம் அவற்றை இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டே போகிறது. ஒரு கைப்பிடி அகலத்துக்குள் ஒன்பதும் விழும். ஆகவே குறி தவறினால் ஒன்று இரண்டல்ல, ஒன்பதுமே தவறும். தவறிய ஒன்பதும் எங்கேயோ போய்த்தான் ஆக வேண்டும்!

இரண்டாவது கதை: “துப்பாக்கியின் பிடியை முன்னும் பின்னும் இழுக்கும் அந்தக் ‘கிளிக், கிளாக்’ சத்தமே போதும், திருடன் ஓட்டமெடுப்பான்” என்பது. ஓடுகிற திருடனும் இருக்கலாம். ஆனால் கையில் ஆயுதத்துடன் வந்தவனுக்கு, வீட்டுக்காரர் எந்த மூலையில் நிற்கிறார் என்பதை அந்தச் சத்தமே சொல்லிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது கதையைச் சொன்னவர் சாமானியர் அல்ல. 2013ஆம் ஆண்டில் உப ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடன், வீட்டைக் காக்க இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று போதும் என்றார். ஏதாவது ஆபத்து என்றால் வெளித் தாழ்வாரத்துக்கு வந்து இரண்டு வேட்டுப் போடும்படி தம் மனைவியிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் பகிரங்கமாகவே கூறினார். இரட்டைக் குழலில் இருப்பவை இரண்டே தோட்டா. இரண்டையும் வானத்துக்குக் கொடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது தடிதான்! தவிரவும், ஆபத்தின்றி ஊருக்குள் வேட்டுப் போடுவது பல மாநிலங்களில் குற்றம். பெரியவர்கள் போகிற போக்கில் சொல்லும் யோசனை எளியவர்களைக் கோர்ட்டுப் படியேற்றி விடக்கூடும்.

காகிதம் போன்ற சுவர்

தோட்டாத் தேர்வில் அமெரிக்கருக்கு உள்ள பெரிய சங்கடம் அவர்களுடைய வீட்டுச் சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர் என்று எண்ணிவிடக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே மரச் சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகையை அடித்திருப்பார்கள். நடுவில் வெறும் காற்று. ஓங்கி உதைத்தால் கால் உள்ளே போகும். இந்தச் சுவரை இரட்டைச் சைபர் ரவை ஒன்றல்ல, பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். ஒற்றைக் குண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த அறையில் தொட்டில் இருந்தால் என்ன கதி?

“அப்படியானால் பொடி ரவையைப் போட்டுக்கொண்டால் போகிறது, சுவரைத் தாண்டாதே” என்று சிலர் சொல்கிறார்கள். இதிலும் இரண்டு பிசகு இருக்கிறது. கிட்டத்தில் சுடும்போது பொடி ரவையும் ஒரே கட்டியாகப் போய் ஜிப்சம் பலகையைக் கிழித்துவிடும். ஆனால் ஆளின் உடம்பிலோ அது ஆழமாகப் போவதில்லை. தோலும் சதையும் கிழிந்து கோரமான காயம் உண்டாகும். வெறியுடன் வருகிறவன் நின்றுவிடுவான் என்ற நிச்சயம் மட்டும் கிடையாது. 1986ஆம் ஆண்டில் மியாமி நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளைப் பறிகொடுத்த எஃப்.பி.ஐ. இலாகா, அதன் பிறகு தோட்டாக்களைப் பரீட்சிக்க ஓர் அளவை ஏற்படுத்தியது. உடம்பின் சதையைப் போன்ற ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலம், அதிகமானால் 18 அங்குலம் புக வேண்டும் என்பது அந்த அளவு. பொடி ரவை இந்த அளவுக்குக் கிட்டவும் வருவதில்லை.

ஆக, ஆளை நிறுத்தும் தோட்டா சுவரையும் துளைக்கும். சுவரைத் துளைக்காத தோட்டா ஆளையும் நிறுத்தாது. இரண்டு நற்குணமும் ஒருங்கே பொருந்திய தோட்டா இன்னும் பிறக்கவில்லை. இருப்பதாக விளம்பரம் செய்கிறவர் வியாபாரி; அவ்வளவுதான்.

இந்த நிலையில் நடுவழியே நல்வழி. வீட்டுக்காவல் ஒன்றுக்காகவே துப்பாக்கி வைத்திருப்பவர் ஒற்றைக் குண்டையும் பொடி ரவையையும் ஒதுக்கிவிடுவதே விவேகம். இரட்டைச் சைபருக்கு இரண்டு படி சிறியதான முதலாம் எண் ரவையோ, குறைந்த உதைப்புள்ள இரட்டைச் சைபர் தோட்டாவோ போதுமானது. வீட்டில் உள்ள பெண்களும் வயதானவர்களும் எடுக்க வேண்டி வரலாம் என்றால் 20 போர் துப்பாக்கியே மேல். தோளில் இடி விழுந்தாற்போல் உதைக்கும் துப்பாக்கியை ஒரு தடவை சுட்டவர் மறு தடவை கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவார். கண்ணை மூடிச் சுடுகிறவருக்கு எந்தத் தோட்டாவும் உதவாது.

எந்தத் தோட்டா ஆனாலும், சொந்தத் துப்பாக்கியில், சொந்த வீட்டின் மிக நீண்ட தூரத்தை அளந்து, பயிற்சி மைதானத்தில் அதே தூரத்தில் காகிதத்தின்மேல் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு துப்பாக்கிகள் ஒரே தோட்டாவை இரண்டு விதமாக விரிப்பதுண்டு. பெட்டிமேல் அச்சிட்டிருப்பதை நம்புவதைவிடக் காகிதத்தில் விழுந்த ஓட்டையை நம்புவது மேல்.

மணியா, புள்ளியா?

இனி, குறியின் கதை. பழைய துப்பாக்கிகளில் குழலின் நுனியில் ஒரு சிறு பித்தளை மணி இருக்கும். அவ்வளவுதான் குறி. பறக்கும் பறவையைச் சுடுகிறவன் பறவையைத்தான் பார்ப்பான், மணியை அல்ல. அந்த வேலைக்கு அது போதும். ஆனால் இருட்டில், பதைபதைப்பில், கன்னத்தைக் கட்டையில் சரியாகப் பதிக்காமல் தலையைத் தூக்கிப் பார்த்தால், மணி தெரியும். குழல் மட்டும் மேல்நோக்கிப் போயிருக்கும். ரவை ஆளின் தலைக்கு மேலே பறக்கும்.

இதற்காகவே பின்னால் ஒரு வளையமும் முன்னால் ஒரு முள்ளும் வைத்த குறிகள் வந்தன. சிலவற்றின் முன் முள்ளில் டிரிட்டியம் என்னும் பொருளை அடைத்து இருட்டில் ஒளிரச் செய்கிறார்கள். அது ஹைட்ரஜனின் கதிரியக்க வகை. சுமார் 12 ஆண்டுகளில் அதன் ஒளி பாதியாகிவிடும். பிறகு சிவப்புப் புள்ளிக் கருவி. 1975ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு எய்ம்பாயின்ட் கம்பெனி வெளியிட்ட இத்தகைய கருவி, இன்று பல கம்பெனிகளின் கைவண்ணத்தில் சின்னஞ்சிறு கண்ணாடிச் சில்லாகக் கிடைக்கிறது. கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எங்கோ, குண்டு அங்கே. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே பார்க்கலாம். வயதாகிக் கண் மங்கியவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பேட்டரி தீர்ந்தால் புள்ளியும் போய்விடும். வாங்கி மாட்டிவிட்டு மாதக்கணக்கில் தொடாதவருக்கு, அந்த நேரத்தில் கண்ணாடிக்குள் புள்ளியைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

ஆகவே முறையாகப் பழகுகிறவருக்குச் சிவப்புப் புள்ளி நல்லது. எப்போதோ ஒரு நாள் எடுக்கிறவருக்குச் சாதாரண முள்ளும் வளையமும் நல்லது. இரண்டுக்கும் மேலான குறி ஒன்று உண்டு. அதற்கு விலையும் சொற்பம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஏற்கெனவே இருக்கிறது. மின்விளக்கின் சுவிட்சுதான் அது!

குறி என்பது எங்கே சுடுகிறோம் என்பதைக் காட்டும். யாரைச் சுடுகிறோம் என்பதைக் காட்டாது. அதைக் காட்டுவது வெளிச்சம் ஒன்றே. துப்பாக்கியிலேயே டார்ச் விளக்கைப் பொருத்திக்கொள்கிறவர்களும் உண்டு. அதில் ஓர் அபாயம்: யாரென்று பார்க்க வேண்டுமானால் அவர்மேல் துப்பாக்கியை நீட்டித்தான் பார்க்க வேண்டும். எதிரே நிற்பது மகளாக இருந்தாலும் அப்படித்தான். துப்பாக்கியில் டார்ச் இருந்தாலும், தனியே ஒரு கை டார்ச்சும், எட்டும் இடத்தில் சுவிட்சும் இருப்பது அவசியம்.

ஒரு கதவு, ஒரு வேட்டு

2013ஆம் ஆண்டு நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது இது. டெட்ராய்ட் நகரை அடுத்த டியர்பார்ன் ஹைட்ஸ் என்னும் ஊர். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, மோட்டார் விபத்தில் சிக்கியதற்குச் சில மணி நேரங்கழித்து, பொழுது விடியுமுன் ஒரு வீட்டின் கதவைத் தட்டினாள். கையில் ஆயுதம் கிடையாது. வீட்டுக்காரர் 12 போர் துப்பாக்கியுடன் வந்தார். உள்கதவைத் திறந்தார். பூட்டியிருந்த வலைக் கதவின் ஊடாகவே சுட்டார். அந்தப் பெண் அங்கேயே மாண்டாள். துப்பாக்கியில் தோட்டா இருந்ததே தமக்குத் தெரியாது என்று போலீசாரிடம் சொன்ன வீட்டுக்காரர், விசாரணையில் தற்காப்புக்காகவே சுட்டதாகச் சொன்னார். 2014ஆம் ஆண்டில் ஜூரிகள் அவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தார்கள். குறைந்தது 17 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

எந்தத் தோட்டா போட்டிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள்? எந்தக் குறி மாட்டியிருந்தால் அந்த மனிதர் சிறைக்குப் போகாமல் இருந்திருப்பார்? ஒன்றுமில்லை. தோட்டாவும் குறியும் தத்தம் வேலையைச் செம்மையாகவே செய்தன. மூடிய கதவை மூடியபடியே விட்டுவிட்டுப் போலீசை அழைத்திருந்தால், இருவருமே தப்பியிருப்பார்கள்.

அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சி என்றாலே நினைவுக்கு வரும் பெயர் ஜெஃப் கூப்பர். கடற்படைக் காலாட்பிரிவில் அதிகாரியாக இருந்தவர். 1976இல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். துப்பாக்கியை உயிராக நேசித்த அந்த மனிதர் பரப்பிய நான்கு விதிகளில் கடைசி விதி, இலக்கு எது என்பதை நிச்சயப்படுத்திக்கொள் என்பது. துப்பாக்கி வேண்டாம் என்பவர் சொன்ன விதி அல்ல இது. வேண்டும் என்பவர் சொன்னது.

பூட்டு ஒன்று வேண்டும்

திருடன் வருவது என்றோ ஒரு நாள். குழந்தை வீட்டில் இருப்பது தினந்தோறும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுவர், இளைஞர் சாவுக்குக் காரணமானவற்றுள் மோட்டார் விபத்தையும் மிஞ்சி முதலிடத்துக்கு வந்துவிட்டது துப்பாக்கி. அந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். அலமாரியில் நிறைத்து வைத்த துப்பாக்கியை முதலில் எடுப்பவர் திருடனை எதிர்க்கும் தகப்பனாராகத்தான் இருப்பார் என்பது என்ன நிச்சயம்? பரீட்சையில் தோற்ற மகனாகவும் இருக்கலாம்.

“பூட்டி வைத்தால் ஆபத்துக்கு எப்படி உதவும்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீட்டிலுள்ள ரவைத் துப்பாக்கியையும் ரைபிளையும் தோட்டா எடுத்து, கழற்றியோ விசைப் பூட்டுப் போட்டோ வைக்க வேண்டும் என்று தலைநகர் வாஷிங்டனில் சட்டம் இருந்தது. 2008ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு, ‘ஹெல்லர்’ வழக்கில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமை என்று தீர்ப்பளித்து, அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. ஆனால் கோர்ட்டு கொடுத்தது உரிமையை, எச்சரிக்கையை அல்ல. சில விநாடிகளில் திறக்கக்கூடிய எண் பூட்டுப் பெட்டிகள் இன்று கடையிலே கிடைக்கின்றன. அதற்குள்ளும் குழலில் தோட்டா ஏற்றி வைக்காமல், அடியிலுள்ள அறையில் மட்டும் நிறைத்து வைப்பது நல்லது. பெரும்பாலான ரவைத் துப்பாக்கிகளின் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டுமே தடுக்கும். கீழே விழுந்து அதிர்ந்தால் வெடிக்காது என்று உறுதி சொல்ல முடியாது.

சரியான வரிசை

ஆகவே துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டு வந்தவர் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை இதுதான். முதலாவது, இடம்: ஆபத்து நேர்ந்தால் குடும்பத்தார் அனைவரும் எந்த அறையில் சேருவது? துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இருட்டில் திருடனைத் தேடிப் போவது வீரம் அல்ல, விபரீதம். குடும்பத்தாரை ஒரே அறையில் சேர்த்து, கதவைத் தாளிட்டு, போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, கதவை நோக்கிக் காத்திருப்பதே அறிவு. அப்போது சுடும் தூரம் தெரியும். கதவுக்குப் பின்னால் எந்தச் சுவர், அதற்கும் பின்னால் யார் என்பது தெரியும். அப்படியும் உள்ளே வருபவன்மேல் வெளிச்சம் விழும். இரண்டாவது, பூட்டு. மூன்றாவது, விளக்கு. இவை மூன்றும் தீர்மானமான பிறகே நான்காவதாகத் தோட்டா, ஐந்தாவதாகக் குறி.

முதல் மூன்றையும் முடித்தவருக்குக் கடைசி இரண்டும் மிகச் சுலபம். கடைசி இரண்டிலேயே தொடங்கியவருக்கோ எத்தனை விலையுயர்ந்த தோட்டாவும் போதாது.

பொருள் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கதவை உடைத்தவன் அகப்படாமல் போனாலும் போகட்டும். ஆனால் குழலை விட்டுக் கிளம்பிய ரவையைத் திரும்பக் கூப்பிட யாராலும் முடியாது. சுவிட்சைத் தட்டுவதற்கு ஆகும் ஒரு விநாடியை மிச்சம் பிடித்து, ஆயுள் முழுவதும் அழுவதில் என்ன லாபம்?